இரண்டு போர்கள், ஒரு சிப்பாய்: ஜெர்மன் பதக்கம் சேகரிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரே சிப்பாய் இரண்டு உலகப் போர்களிலும் பதக்கம் வாங்கியிருக்க முடியுமா?

தாராளமாக. 1896இல் பிறந்தவருக்கு முதல் போர் மூண்டபோது வயது 18, இரண்டாம் போர் தொடங்கும்போது 43. முன்வரிசைக் காலாட்படைக்கு அது கொஞ்சம் முற்றிய வயதுதான். அதனால் இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் ரிசர்வ் அதிகாரிகளாகவோ, பாலங்களையும் கைதி முகாம்களையும் காவல் காக்கும் பட்டாலியன்களிலோ, சரக்குப் போக்குவரத்திலோ இருந்திருப்பார்கள். 1944இல் 16 முதல் 60 வயது வரை உள்ள ஆண்களைத் திரட்டி ஃபோல்க்ஸ்ஷ்டுர்ம் என்ற படையை அமைத்தபோது, அதில் சேர்க்கப்பட்டவர்களில் முதல் போரின் கிழவர்கள் நிறையப் பேர்.

ஆகவே எந்தத் தொகுப்பு கைக்கு வந்தாலும் முதலில் வயதுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1914 என்று தேதியிட்ட இரும்புச் சிலுவை என்ற போர்ப் பதக்கமும் இரண்டாம் போரின் காலாட்படைத் தாக்குதல் பேட்ஜும் ஒரே ஆளுடையவை என்று விற்பவர் சொன்னால் அது நடக்காத காரியமில்லை. ஆனால் ஐம்பதை நெருங்கும் மனிதர் அந்த பேட்ஜுக்குத் தேவையானபடி மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று தாக்குதல்களில் பங்கெடுத்தார் என்றால், அதற்குக் காகிதம் கேட்பது நியாயம்.

அப்படிப்பட்டவரின் தொகுப்பில் வழக்கமாக என்னென்ன இருக்கும்?

மிகச் சாதாரணமான சேர்க்கை இதுதான்: 1914 இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை, காயமடைந்திருந்தால் 1918இல் ஏற்படுத்தப்பட்ட காய பேட்ஜ், முதல் போரில் பணியாற்றியவர்களுக்காக 1934இல் வந்த ஹிண்டன்பர்க் சிலுவை. இரண்டாம் போரில் மறுபடியும் இரும்புச் சிலுவைக்குரிய தகுதி வந்தால் புதுச் சிலுவை கொடுக்க மாட்டார்கள். 1939 என்ற தேதியும் கழுகும் ஸ்வஸ்திகாவும் உள்ள சிறு வெள்ளி நிறப் பட்டயம் ஒன்றைப் பழைய சிலுவையின் ரிப்பன் மேலேயே குத்திக்கொள்ளச் சொல்வார்கள். பின்னணிப் பணியில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் 1939 அக்டோபரில் தொடங்கிய போர்ச் சேவைச் சிலுவைதான் கிடைத்தது.

காய பேட்ஜில் ஒன்றிரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி, அதற்கு மேல் தங்க நிறம். இது ரிப்பனில் தொங்காது, மார்பில் நேராகக் குத்துவது. முதல் வகுப்பு இரும்புச் சிலுவையும் அப்படித்தான்.

இவற்றோடு, அவர் எந்த ராஜ்யத்துக்காரர் என்பதைச் சொல்லும் பதக்கம் ஒன்று இருந்தால் தொகுப்புக்கு உயிர் வந்துவிடும். முதல் போர்க்காலத்தில் கைசர் என்ற பேரரசர் ஆண்ட ஜெர்மனி பல ராஜ்யங்களின் கூட்டு. பவேரியாவுக்குத் தனிச் சேவைச் சிலுவை, ஹாம்பர்க்குக்கு ஹன்சியாடிக் சிலுவை, ஓல்டன்பர்க்குக்கு ஃபிரீட்ரிஷ் ஆகஸ்ட் சிலுவை என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொடுத்தது. அது கிடைத்தால் எந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும் என்பதும் ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

பதக்கத்தில் சிப்பாயின் பெயர் இருக்காதா?

பொதுவாக இருக்காது. இந்தத் துறையின் முழுத் தலைவலிக்கும் காரணம் அதுதான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பதக்கம் வீட்டில் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள், பெயரும் எண்ணும் ரெஜிமெண்ட்டும் பொறித்திருக்கும். ஜெர்மன் பதக்கம் ஊமை. முதல் போரில் மட்டும் சுமார் 50 லட்சம் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவைகள் கொடுக்கப்பட்டன. அதில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, காகிதம் இல்லாமல், இது இன்னாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர் கதையை விற்கிறார்.

அதனால் அசல்தானா என்ற கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உலோகம் அந்தக் காலத்ததா என்பது ஒன்று. இந்தப் பொருட்கள் எல்லாம் ஒரே மனிதருடையவையா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு லென்ஸ் போதும். சந்தையில் ஏமாறுகிறவர்களில் பலர் இரண்டாவதில்தான் ஏமாறுகிறார்கள். உலோகம் ஒவ்வொன்றும் அசலாகவே இருக்கும், தொகுப்பு மட்டும் போன மாதம் பிறந்ததாக இருக்கும்.

இரும்புச் சிலுவை அசலா என்று எப்படிப் பார்ப்பது?

அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1813இல் பிரஷ்யா என்ற ஜெர்மன் ராஜ்யத்தின் மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் தொடங்கிவைத்த இந்தச் சிலுவையை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கார்ல் ஃபிரீட்ரிஷ் ஷிங்கெல். நடுவில் வார்ப்பிரும்புத் துண்டு, அதை முன்னும் பின்னும் கவ்விப் பிடிக்கும் இரண்டு வெள்ளிச் சட்டங்கள், ஆக மூன்று பாகம். 1870, 1914, 1939 என்று ஒவ்வொரு முறை புதுப்பித்தபோதும் அடிப்படை இதுதான்.

முதலில் சிலுவையைப் பக்கவாட்டில் பிடித்து விளிம்பைப் பாருங்கள். இரண்டு சட்டங்களும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு சுற்றிலும் ஓடும். ஆங்காங்கே பற்றவைத்த வெள்ளி கசிந்திருக்கும். மொத்தமாக ஒரே வார்ப்பில் செய்த போலியில் இந்தக் கோடு இருக்காது, அல்லது அரத்தால் கீறி வரைந்திருப்பார்கள். அது நேராக, ஆழம் மாறாமல் ஓடுவதைக் கண்டாலே சந்தேகப்படலாம்.

அடுத்து, சட்டத்தின் உள்விளிம்பில் வரிசையாக இருக்கும் நுண்ணிய மேடுகள். அச்சில் அடித்த வேலையில் ஒவ்வொரு மேடும் தனித்தனியாக, கூர்மையாக நிற்கும், மூலைகளில் சுத்தமாக வந்து சேரும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் அவை மழுங்கிப்போய், பள்ளங்களில் ஊசிமுனை அளவு குழிகள் தெரியும். பத்து மடங்கு லென்ஸ் இல்லாமல் இதைப் பார்க்க முயலாதீர்கள்.

அப்புறம் கறுப்பு வண்ணம். 1914 சிலுவையின் முன்பக்கம் கிரீடம், 'டபிள்யூ' என்ற எழுத்து, தேதி. பின்பக்கம் ஓக் இலைகள், 1813. இந்த மேடான இடங்களில்தான் வண்ணம் முதலில் தேயும். அங்கே பழுப்பு இரும்பு எட்டிப் பார்க்கும். பள்ளங்களில் தேய்ந்து மேடுகளில் புதிதாக இருந்தால், யாரோ அமிலம் தொட்டுப் பழமை ஏற்றியிருக்கிறார்கள்.

1914 என்று இருப்பதாலேயே அது போர்க்காலத்தில் செய்தது என்று நினைக்க வேண்டாம். போர் முடிந்த பிறகும் விடுபட்டவர்களுக்கு வழங்கினார்கள். தொலைத்தவர்களும் அழகாக வேண்டும் என்றவர்களும் நகைக்கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். முதல் வகுப்பில் பின்பக்கம் 800 என்ற வெள்ளி முத்திரையோடு வரும் பல சிலுவைகள் இப்படி வாங்கியவை. அவை போலி அல்ல.

காந்தம் ஒட்டவில்லை. போலிதானே?

அவசரப்படாதீர்கள். நடுத்துண்டு இரும்பு என்பதால் ஒட்ட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் பித்தளை, துத்தநாக நடுத்துண்டு உள்ள அசல்களும் உண்டு, குறிப்பாக 1939 வகையில். மறுபக்கம், இன்றைய போலிக்காரருக்கும் இரும்பு கிடைக்கும். ஆகவே காந்தம் ஒட்டுவதும் ஒட்டாததும் தனியாக எதையும் நிரூபிக்காது.

வளையத்தில் 65, எல்/11 என்று எண்கள் இருக்கின்றன. என்ன அர்த்தம்?

தயாரிப்பாளர் குறி. வெறும் எண், அரசுக்குச் செய்து கொடுத்த நிறுவனத்துக்கு ஜனாதிபதி அலுவலகம் தந்தது: 65 என்றால் இடார்-ஓபர்ஷ்டைன் ஊரின் க்ளைன் உண்ட் க்வென்ட்ஸர், 4 என்றால் லூடன்ஷைட் ஊரின் ஷ்டைன்ஹௌவர் உண்ட் லூக், 1 என்றால் மியூனிக்கின் டெஷ்லர். 'எல்' போட்டுச் சாய்கோடு வந்தால் அது 1941க்குப் பிறகு கடையில் விற்பனைக்கு வந்த பிரதி. எல்/11 லூடன்ஷைடின் டாய்மர் நிறுவனம். எண்ணை நம்பி மட்டும் வாங்காதீர்கள். வளையத்தில் எண் குத்துவது போலிக்காரருக்கு ஒரு நிமிட வேலை. அந்த நிறுவனத்தின் அச்சில் தேதி எண்கள் எந்த வடிவில் விழும் என்பதை அசல்களின் படங்களோடு ஒப்பிட்டால்தான் எண்ணுக்கு மதிப்பு.

1939 சிலுவை, ஆனால் ஸ்வஸ்திகா இல்லை. அரிய வகையா?

இல்லை. 1957 ஜூலையில் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் கொண்டுவந்தது. போர்க்காலப் பதக்கங்களை அணியலாம், ஸ்வஸ்திகா மட்டும் கூடாது என்பது அதன் சாரம். அதற்காகப் புதிதாகச் செய்த பிரதிகளில் ஸ்வஸ்திகா இருந்த இடத்தில் மூன்று ஓக் இலைகள் வந்தன. சட்டபூர்வமான பொருள், விலை குறைவு. தான் பெற்ற பதக்கத்தைப் போருக்குப் பிறகு இந்த வடிவில் வாங்கி அணிந்தவர்கள் இருந்தார்கள் என்பதால் தொகுப்பில் கண்டால் தூக்கிப் போடாதீர்கள். அந்த மனிதர் 1957க்குப் பிறகும் உயிரோடு இருந்தார், அணிய ஆசைப்பட்டார் என்று ஊகிக்க இடம் தருகிறது.

பல பதக்கங்களை ஒன்றாகத் தைத்த பட்டை கிடைத்தது. இது நம்பகமானதா?

தனிப் பதக்கத்தைவிடச் சுவாரசியமானது. போலிக்காரருக்கும் பிடித்தமானது. தனித்தனியாகக் கிடைக்கும் ஐந்து அசல் பதக்கங்களை ஒரே பட்டையில் தைத்துவிட்டால் விலை பல மடங்கு ஏறும்.

முன்பக்கம் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் திருப்புங்கள். பின்னால் கம்பளித் துணி இருக்கும், பெரும்பாலும் தையல்காரரின் அல்லது கடையின் சின்னத் துணிச்சீட்டும் இருக்கும். இத்தனை வருடம் ஒரே இடத்தில் தொங்கிய சிலுவை, பின்னால் உள்ள துணியிலோ பக்கத்துப் பதக்கத்திலோ தன் தடத்தை விட்டிருக்க வேண்டும். ஒன்றோடொன்று உரசிய கோடு, இரும்புக் கறை, அழுக்கு நிழல், இப்படி ஏதாவது. ரிப்பனின் மடிப்பை நுனி விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். முன்பக்கம் வெளுத்து, மடிப்புக்குள் நிறம் பளிச்சென்று இருந்தால் நல்ல அறிகுறி. ஐந்து ரிப்பனில் நான்கு வெளுத்து ஒன்று மட்டும் புதிதாக இருந்தால், அந்த ஒன்று பின்னால் வந்தது. 1939 பட்டயத்தின் பின்கம்பிகள் ரிப்பனைத் துளைத்த இடத்தில் சிறு துருவளையமும் இருக்கும். பட்டயத்தைக் கழற்றிப் பார்த்து ஓட்டை புத்தம்புதிதாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே புரியும்.

வரிசையையும் பாருங்கள். 1930களின் விதிப்படி தைத்த பட்டையில் இரும்புச் சிலுவைதான் முதலில், அணிபவரின் மார்பு நடுவை ஒட்டி. நீண்ட சேவைப் பதக்கம் அதற்கு முன்னால் நின்றால் தைத்தவருக்கு விதி தெரியாது. கைசர் காலப் பட்டை என்றால் கதை வேறு. பவேரியக்காரர் தன் ராஜ்யப் பதக்கத்தை முன்னால் வைத்திருப்பார், அது சரிதான்.

இரும்புச் சிலுவையின் ரிப்பனும் பேசும். 1914 போர்வீரருக்குக் கறுப்பில் வெள்ளைக் கோடுகள், போரிடாதவருக்கு வெள்ளையில் கறுப்புக் கோடுகள். அந்த வெள்ளை ரிப்பனோடு வாள் உள்ள ஹிண்டன்பர்க் சிலுவையும் காய பேட்ஜும் சேர்ந்து வந்தால் ஒரு காரணம் கேட்க வேண்டியிருக்கும், ஏனென்றால் வாள் போர்முனையில் நின்றவர்களுக்கானது.

புற ஊதா விளக்கு வாங்கலாமா?

வாங்கலாம், விலை அதிகமில்லை. இன்றைய செயற்கை நூலும், வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்த காகிதமும் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். அந்தக் காலப் பருத்தி நூலும் காகிதமும் மங்கலாகவே இருக்கும். ஒரு எச்சரிக்கை: அசல் ரிப்பனை எந்தப் பாட்டியாவது சோப்புத்தூள் போட்டுத் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். ஒளிர்ந்தால் சந்தேகம், அவ்வளவுதான்.

எந்தக் காகிதங்களைக் கேட்க வேண்டும்?

முதல் போருக்கு மிலிட்டேர்பாஸ் என்ற சிறு கையேடு. எந்தெந்தப் படைப்பிரிவு, எந்தச் சண்டைகள், எந்தக் காயம், எந்தப் பதக்கம் என்று எழுத்தர் கையால் எழுதியிருப்பார். இரண்டாம் போருக்கு இரண்டு கையேடுகள். சோல்ட்புக் எப்போதும் சிப்பாயின் சட்டைப்பையில், வேர்பாஸ் படைப்பிரிவு அலுவலகத்தில். அதனால் சோல்ட்புக் வியர்வையும் மழையும் குடித்துக் கசங்கியிருக்கும், வேர்பாஸ் ஓரளவு சுத்தமாக இருக்கும். முன்னணியில் மூன்று வருடம் இருந்தவரின் சோல்ட்புக் கசங்காமல் வந்தால் யோசியுங்கள். பதக்கப் பதிவுகள் இரண்டிலும் வரும், தேதிகள் ஒத்துப்போக வேண்டும்.

இவை தவிர ஒவ்வொரு பதக்கத்துக்கும் தனிச் சான்றிதழ். இரண்டாம் போரில் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவையை வழங்கும் அதிகாரம் டிவிஷன் தளபதி வரை இறங்கியிருந்தது. ஆகவே கையெழுத்திட்டவர் அந்தத் தேதியில் அந்த டிவிஷனின் தளபதியாக இருந்தாரா என்று பாருங்கள். அலுவலக முத்திரையில் ராணுவத் தபால் எண் இருந்தால் அதை அந்தக் காலப் பட்டியலில் தேடி, படைப்பிரிவோடு பொருத்துங்கள். போலிக்காரர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இரும்பை நன்றாகச் செய்கிறவருக்கு 1942 ஆகஸ்டில் ஒரு டிவிஷன் எங்கே இருந்தது என்று தெரிந்திருக்காது.

காகிதமே அசலாக இருந்து எழுத்து புதிதாக இருக்கும் வித்தையும் உண்டு. போர் முடிந்தபோது நிரப்பாத படிவங்கள் மிஞ்சிவிட்டன. மடிப்புக் கோட்டின் மேல் ஓடும் எழுத்தை லென்ஸில் பாருங்கள். மடித்துப் பழசான காகிதத்தில் பின்னால் எழுதினால் உடைந்த இழைகளில் மை பரவும். எழுதிய பிறகு மடித்திருந்தால் மை மடிப்பில் உதிர்ந்திருக்கும்.

பெயர் தெரிந்தால் ஆவணக் காப்பகத்தில் தேட முடியுமா?

பவேரியக்காரர் என்றால் அதிர்ஷ்டம். முதல் போர்க்கால வீரர் பதிவேடுகள் மியூனிக்கின் போர் ஆவணக் காப்பகத்தில் பிழைத்திருக்கின்றன. வூர்ட்டம்பெர்க்குக்கு ஷ்டுட்கார்ட், பாடனுக்கு கார்ல்ஸ்ரூஹ, சாக்சனிக்கு ட்ரெஸ்டன். பிரஷ்யர் என்றால் சிரமம், ஏனென்றால் 1945 ஏப்ரல் 14 இரவு போட்ஸ்டாம் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசியதில் பிரஷ்யப் படையின் பெரும்பாலான ஆவணங்கள் எரிந்துபோயின. அவர்களுக்கு மிஞ்சிய நல்ல வழி, போர்க்காலத்தில் அச்சான இழப்புப் பட்டியல்கள். காயம்பட்டவர்கள், இறந்தவர்கள், காணாமல்போனவர்கள் பெயர்களை இணையத்திலேயே தேடலாம். இரண்டாம் போருக்கு பெர்லினில் இருந்த வாஸ்ட் என்ற போர்வீரர் தகவல் அலுவலகத்தின் கோப்புகள் 2019 முதல் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில். எழுத்து மூலம் கேட்கலாம், பதிலுக்குப் பொறுமை வேண்டும்.

ஹிண்டன்பர்க் சிலுவை மலிவாகக் கிடைக்கிறதே, அதில் என்ன இருக்கிறது?

மலிவுதான். போர்முனை வீரர்களுக்கான வாள் உள்ள வகை மட்டும் 60 லட்சத்துக்கும் மேல். வாள் இல்லாத வகை மற்றவர்களுக்கு, கறுப்பு வகை இறந்தவரின் மனைவிக்கும் பெற்றோருக்கும். யாருக்கும் தானாக வராது, விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். ஜனாதிபதியாக இருந்த ஹிண்டன்பர்க் 1934 ஜூலையில் அறிவித்தார், ஆகஸ்டில் இறந்தார். அதனால் சான்றிதழ்கள் ஹிட்லரைக் குறிக்கும் 'ஃபூரர் மற்றும் ரைஷ் சான்சலரின் பெயரால்' என்று அச்சாகி, உள்ளூர் காவல் அதிகாரியின் கையெழுத்தோடு வந்தன. பெயர், ஊர், பெரும்பாலும் தொழிலும் இருக்கும். ஊமைப் பதக்கங்களுக்கு நடுவே இந்தச் சான்றிதழ் பெரிய உதவி.

முதல் போரில் ஜெர்மனிக்காகச் சுமார் 1 லட்சம் யூதர்கள் பணியாற்றினார்கள், ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களும் இந்தச் சிலுவைக்கு விண்ணப்பித்தார்கள், அவர்களுக்கும் ஹிட்லரின் பெயரால்தான் வந்தது. யூதர்களை அழிக்க நாஜி அதிகாரிகள் திட்டமிட்ட 1942 ஜனவரி வான்ஸே கூட்டத்தின் குறிப்பில், கடுமையாக ஊனமுற்ற யூத முன்னாள் வீரர்களையும் முதல் வகுப்பு இரும்புச் சிலுவை பெற்றவர்களையும் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்புவது என்று எழுதியிருக்கிறது. அங்கிருந்து ரயில்கள் ஔஷ்விட்ஸ் கொலை முகாமுக்கும் போயின. யூதப் பெயருள்ள ஹிண்டன்பர்க் சான்றிதழ் கையில் கிடைத்தால், விலை கேட்பதற்கு முன் அந்தப் பெயரை நாடுகடத்தப்பட்டோர் பட்டியல்களில் தேடிப் பாருங்கள்.

நாஜி காலப் பதக்கத்தைச் சேகரிப்பது சரியா? சட்டம் என்ன சொல்கிறது?

ஜெர்மனியில் தனியாக வைத்திருப்பது குற்றமில்லை. ஸ்வஸ்திகாவைப் பொது இடத்தில் காட்டுவது குற்றவியல் சட்டம் 86அ பிரிவின் கீழ் குற்றம், கல்விக்கும் ஆய்வுக்கும் கலைக்கும் விலக்கு உண்டு. அதனால்தான் ஜெர்மன் ஏல அட்டவணைப் படங்களில் அந்த இடத்தை மறைத்திருப்பார்கள். ஆஸ்திரியா இன்னும் கறார். பெரிய விற்பனைத் தளங்கள் பலவும் அனுமதிப்பதில்லை.

சரியா என்பதற்கு என் பதில்: எதற்குச் சேகரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அறை முழுக்கக் கழுகும் ஸ்வஸ்திகாவும் மாட்டி அழகு பார்ப்பவரோடு எனக்குப் பேச்சில்லை. ஒரு மனிதரின் முப்பது வருடத்தைப் படிக்க நினைப்பவர் அவர் செய்ததையும் சேர்த்தே படிக்க வேண்டும். ரஷ்யப் போர்முனைக்கான 1941-42 குளிர்காலப் பதக்கத்தைச் சிப்பாய்களே உறைந்த இறைச்சி விருது என்று கேலி செய்தார்கள் என்பது எல்லோரும் ரசித்துச் சொல்லும் கதை. அதே குளிர்காலத்தில் அந்தப் படைகளின் பிடியில் லட்சக்கணக்கான சோவியத் கைதிகள் பட்டினியால் செத்தார்கள். காவல் பட்டாலியனில் இருந்த நடுவயதுக்காரரின் தொகுப்பு என்றால், அந்தப் பட்டாலியன் எங்கே எதைக் காத்தது என்று தேடாமல் விடாதீர்கள்.

எம்டன் கப்பல்காரர்களின் பதக்கம் கிடைக்குமா?

நம்மூர்க்காரர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்த எம்டனின் கேப்டன் கார்ல் ஃபோன் முல்லருக்கு முதல் வகுப்பு இரும்புச் சிலுவையும், 1918இல் பிரஷ்யாவின் உயர்ந்த ராணுவ விருதான பூர் ல மெரிட்டும் கிடைத்தன. ஆனால் எம்டன் மாலுமியின் சிலுவை பார்வைக்கு மற்ற சிலுவையைப் போலத்தான். காகிதமில்லாமல் அப்படி விற்றால் வாங்காதீர்கள். எம்டனோடு சந்தேகமில்லாமல் சேரும் பதக்கம் எதிர்த்தரப்பில் இருக்கிறது: கப்பலில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி டாலர்களில், அதை வீழ்த்திய ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியின் பெயரில் பதக்கங்கள் செய்தார்கள்.

நேதாஜியின் ஆசாத் ஹிந்த் பதக்கங்கள்?

ஜெர்மனியில் இருந்தபோது 1942இல் அவர் ஏற்படுத்தியவை. செய்தது வியன்னாவின் ருடால்ஃப் சௌவால் நிறுவனம். போருக்குப் பிறகும் அதே நிறுவனம் மறுபிரதிகள் அடித்ததால் அச்சை மட்டும் பார்த்து அசலைப் பிரிப்பது கடினம். புதியவர்கள் கிட்டே போக வேண்டாம்.

துருவைத் துடைக்கலாமா?

வேண்டாம். வெள்ளிச் சட்டத்தின் கறுப்பு, வண்ணத்தின் தேய்மானம் எல்லாமே சாட்சியங்கள். பாலிஷ் போட்டால் அவை போய்விடும், விலையும் போய்விடும். சென்னை மாதிரி கடலோர ஊரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டி, அமிலமில்லாத காகிதம், பருத்திக் கையுறை போதும். பிவிசி உறை கூடாது. துத்தநாகப் பதக்கங்களை ஈரத்திலிருந்து தள்ளியே வையுங்கள்.

எதில் தொடங்கலாம்?

சான்றிதழோடு வரும் ஒரு ஹிண்டன்பர்க் சிலுவையில். போலிக்காரர்கள் மெனக்கெடாத விலை, பெயரும் ஊரும் கையில். அந்தப் பெயரை வைத்துத் தேடிப் பழகுங்கள். அடுத்து 1914 இரண்டாம் வகுப்புச் சிலுவை. இரண்டாம் போரில் சுமார் 7,300 பேருக்கு மட்டும் கிடைத்த, இரும்புச் சிலுவையின் உயர் வகையான நைட்ஸ் கிராஸை யாராவது நல்ல விலைக்குத் தருகிறேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். வாய்ப்புக் கிடைத்தால் ட்ரெஸ்டன், ராஷ்டாட் ராணுவ அருங்காட்சியகங்களில் அசல்களை நிதானமாகப் பாருங்கள். வாங்கும்போது, போலி என்று தெரிந்தால் பணம் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு எதையும் லென்ஸ் வைத்துப் பார்க்கத் தேவையில்லை.